அளந்தவன் நான்தான்

பொய் சொல்வது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் பாவம் பார்த்து, வயிற்றுப்பாடு, நிர்ப்பந்தம் என்று எனக்காகச் சாக்குத் தேடக் கூடாது. நிர்ப்பந்தம் இருந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளும் அளவுக்கு இல்லை. நானாகத்தான் போனேன். ஏசி காரில், வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு போனேன்.

அப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். அது மூடிப் பல வருடமாகிறது. என் தப்பை அதன் தலையில் கட்ட வரவில்லை. எங்கள் சொந்தத்தில் காலேஜ் போன முதல் ஆள் நான். ஜவுளி வேதியியல் படித்தேன். கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் ஒரு நாற்காலி தனியாகப் போடுவார்கள். அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

நான் செய்ததன் கனம் புரிய வேண்டுமானால் உப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பருத்தித் துணி சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. உப்புப் போட்டுத்தான் பிடிக்க வைக்க வேண்டும். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் ஷேடு என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு. 300 கிலோ லாட்டுக்கு 3,000 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 200 கிலோ உப்பு வந்துவிடும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அலசிய தண்ணீரோடு அத்தனையும் வெளியே போகும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டால் சாயம் கசடாகக் கீழே இறங்கும், தண்ணீர் வெளுக்கும். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். அன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் நடந்தது இவ்வளவுதான். வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. எங்கள் தண்ணீர் தாண்டியது. எவ்வளவு தாண்டியது என்று தினமும் அளந்து பார்த்தவன் நான்.

மழை வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். ஓடையில் தண்ணீர் புரளும். ராத்திரியில் தொட்டியின் வால்வைத் திறந்துவிடுவோம். காலையில் ஒரு தடயமும் இருக்காது. 'திறந்துவிடுவோம்' என்று பன்மையில் எழுதிவிட்டேன். பழக்கதோஷம். திறக்கச் சொன்னவன் நான். திறந்த பையனுக்கு அது என்ன வால்வு என்றுகூடத் தெரியாது.

ஓடையில் விட்டது நொய்யலுக்குப் போகும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரைத் தாண்டி, திருப்பூரின் நடுவே புகுந்து, கிழக்கே கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களின் ஊடாகப் போய், கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே வைத்திருக்கும் நொய்யல் என்ற ஊரில் காவிரியில் சேர்கிற ஆறு. வழியில் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கென்று கட்டியது. மழைத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்த இடத்தில் எங்கள் சாயத்தண்ணீர் வந்து நின்றது. சில வருடங்களிலேயே ஆயக்கட்டுக்காரர்கள் இந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி கோர்ட்டுக்குப் போனான். கொங்கு நாட்டில் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

என் அத்தையை, அப்பாவின் கூடப்பிறந்தவளை, அந்த அணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். ஊர் பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

2003 சித்திரை. 2005-ல் ஜவுளி ஏற்றுமதிக்கான கோட்டா போகிறது, உலகம் முழுக்க ஆர்டர் கொட்டப் போகிறது என்று ஊரே மிஷின் மேல் மிஷினாக வாங்கிக்கொண்டிருந்த காலம். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஹைகோர்ட்டுக்குப் போகத் தயாராகிறார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. ஒரு சனிக்கிழமை, சம்பளம் பட்டுவாடா முடிந்த பிறகு, முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், உங்க சொந்தம் அந்தப் பக்கந்தானுங்க? ஒரு எட்டுப் போய்ப் பேசிட்டு வாங்க. நம்மளால ஒண்ணும் கெட்டுப் போகலைன்னு நாலு பேருத்துக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார். காரின் சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு, சம்பந்தமே இல்லாத மாதிரி, அடுத்த வருடம் என்னை ஒர்க்கிங் பார்ட்னராகச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினார்.

அவர் மிரட்டவில்லை. மறுத்திருந்தால் வேலை போயிருக்காது. டையிங் மாஸ்டருக்கு அன்றைக்குத் திருப்பூரில் இருந்த கிராக்கிக்கு அடுத்த தெருவிலேயே வேலை கிடைத்திருக்கும். பார்ட்னர் என்ற சொல் என் காதில் விழுந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். ஊத்துக்குளி ரோடு. ஊர் தாண்டும்வரை கார் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தேன். பாலத்தில் போகும்போது ஆற்றின்மேல் நுரை கட்டி நின்றது. அடியில் தண்ணீர் கருநீலம். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் பட்டறையில் ஓடிய லாட் நேவி புளூ. அது இதுவாக இருக்க வேண்டியதில்லை, நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருக்கின்றன என்று மனசு உடனே கணக்குப் போட்டது. எத்தனை வருடம் இந்தக் கணக்கைப் போட்டேனோ தெரியாது.

ஊத்துக்குளியில் வண்டியை நிறுத்தி வெண்ணெய் வாங்கினோம். அதற்கப்பால் நாடு மாறிவிடும். கிளுவை வேலி அடைத்த கொரங்காடுகள். காய்ந்த கொழுக்கட்டைப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். அவற்றின் நிழலில் காங்கேயம் மாடுகள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த திருப்பூருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். பஸ் எப்போதாவது வரும். கொடுமணலைத் தாண்டும்போது வீட்டுக்காரிக்கு நான் சரித்திரம் சொன்னேன். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான், கல்மணி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர், இரும்பு உருக்கிய ஊர், தோண்டினால் இன்றைக்கும் மணி கிடைக்கும் என்றெல்லாம். அந்தக் காலத்து எக்ஸ்போர்ட் என்று சொல்லிச் சிரித்தேன். நன்றாகப் பேசினேன். அன்றைக்கு முழுக்கவே நன்றாகப் பேசினேன்.

அணைமேட்டில் இறங்கினோம். பரந்து கிடந்த தண்ணீர். ஒரு கொக்கு இல்லை. அழுகலும் காரமும் கலந்த ஒரு வாடை. எனக்குப் பழகிய வாடை. பட்டறைக்குள் நின்றால் அது வேலையின் வாடை, அதனால் தெரியாது. இங்கே மாடு மேய்கிற இடத்தில் அது மூக்கில் ஏறியது. வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வாங்க போலாம்" என்றாள். நான் அணையின் நீளத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அத்தை வீட்டில் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். "வா கண்ணு, வா அம்மிணி" என்று அத்தை. "வாங்க மாப்ள, வழி தெரிஞ்சுதுங்களா?" என்று மாமா. அந்தக் குத்தல் நியாயமானது. பக்கத்தில் இருந்தும் வருடக்கணக்காக நான் போகவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. லாரியில் வருகிற தண்ணீர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. விருந்தாளிக்கு அது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதில்லை என்று அத்தை, வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். அடுப்படியில் இரண்டு குடங்கள் தனித்தனியாக இருந்தன. ஒன்றின் வாயில் துணி கட்டியிருந்தது. அத்தை மகள், அப்போது பள்ளிக்கூடம் முடித்திருந்தவள், அந்தத் துணி கட்டிய குடத்திலிருந்துதான் எங்களுக்கு மொண்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா என்னைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். நான் கேட்கவில்லை. அவரே கூப்பிட்டார். "நீங்க படிச்சவங்க, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க மாப்ள. ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு பேசறாங்க."

தென்னைகளைத் தாண்டிப் போனோம். மட்டைகளின் நுனி கருகியிருந்தது. குரும்பை உதிர்ந்து கிடந்தது. வரப்போரம் மண் வெள்ளை பூத்திருந்தது. இதையெல்லாம் பார்க்க மீட்டர் எதற்கு? எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததைப் படித்தவன் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

சட்டைப் பையில் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. பேனா மாதிரி இருக்கும். வேலைக்காரன் கையில் கடிகாரம் இருக்கிற மாதிரி என்னிடம் அது எப்போதும் இருக்கும். மாமா வாளியில் தண்ணீர் சேந்தினார். நான் மூடியைக் கழற்றி நுனியை முக்கினேன். எண் ஓடி நின்றது. அந்த மீட்டரில் மூன்று இலக்கம்தான் தெரியும். ஆயிரத்தைத் தாண்டினால் ஓரத்தில் சின்னதாக 'பத்தால் பெருக்கு' என்று ஒரு குறி வரும். பெருக்கல் அடையாளமும் பத்தும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவு.

584 என்று நின்றது. ஓரத்தில் குறி இருந்தது.

நான் கட்டைவிரலை அந்த ஓரத்தில் வைத்தேன். மீட்டரை மாமாவின் பக்கம் திருப்பினேன்.

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். இது யோசிக்காமல் நடந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்காமல் விரல் அந்த ஓரத்துக்குப் போகாது. மேலே வைத்திருந்தால் எண் மறையும், கீழே வைத்தால் பட்டன் அமுங்கும். அந்த ஒரு இடத்தில் வைத்தால்தான் வேலை நடக்கும். அங்கேதான் வைத்தேன்.

மாமா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "ஐந்நூத்தி எம்பத்தி நாலு. இது சாஸ்தியா, கம்மிங்களா?"

"குடிக்கற தண்ணியே ரெண்டாயிரம் வரைக்கும் இருக்கலாமுங்க மாமா. இது ஒண்ணுமே இல்லை."

"வாயில வெச்சாக் கரிக்குதே மாப்ள."

"கோடைங்க. மேல் ஊத்து வத்திப்போச்சு. சட்டியில கொழம்பு சுண்டினாப் போல. ஆழத்துல நல்ல ஊத்து இருக்கும். ஒரு போர் போட்டுப் பாருங்க."

போர் போடச் சொல்லி என்னை யாரும் அனுப்பவில்லை. முதலாளிகூடச் சொல்லவில்லை. பொய் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, முட்டுக்கொடுக்க ஒன்று வேண்டியிருந்தது, சொன்னேன். மாமாவின் முகம் தெளிந்தது. அவருக்கு நிம்மதி கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. வெட்கங்கெட்ட திருப்தி.

கிளம்பும்போது அத்தை காரின் டிக்கியில் தேங்காய்களை ஏற்றினாள். "இந்த வருசம் சிறுத்துப் போச்சு கண்ணு, இருந்தாலும் கொண்டு போ" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சென்னிமலை வழியாகத் திரும்பினோம். மலை தெரிகிற இடத்தில் வீட்டுக்காரி கேட்டாள், "எதுக்குங்க விரலை வெச்சு மறைச்சீங்க?" அவள் எங்களுக்குப் பின்னால் கிணற்றடிக்கு வந்து நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. உனக்கு என்ன தெரியும் மீட்டரைப் பற்றி என்று கத்தினேன். ஊர் வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் சாவியைக் கொடுத்து, "பேசியாச்சுங்க" என்றேன். சங்கத்தார் அந்த வருடமே ஹைகோர்ட்டில் மனுப் போட்டார்கள். என் பயணத்தால் பட்டறைக்கு ஒரு காசுப் பிரயோஜனம் இல்லை.

மாமா போர் போட்டார். அத்தையின் நகையை அடகு வைத்து, போதாததற்கு வட்டிக்கு வாங்கி. எழுநூறு அடிக்குக் கீழே தண்ணீர் வந்தது. கரித்தது. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. டீக்கடையில் மாமா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், எங்க மாப்ள மிஷின்ல அளந்து பாத்துட்டாரு, நம்ம தண்ணிக்கு ஒண்ணும் இல்லை, ஆழமாப் போட்டாச் சரியாப் போகும் என்று. அவர் பேச்சை நம்பி அக்கம்பக்கத்தில் இரண்டு காட்டுக்காரர்களும் கடன் வாங்கிப் போர் போட்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. அதில் ஒருவருக்கும் மாமாவுக்கும் பிறகு பேச்சுவார்த்தையே இல்லை. உன் மாப்பிள்ளையை நம்பித்தானே போட்டேன் என்று சண்டை. மாமா எனக்காக வாதாடியிருக்கிறார்.

சூழல் இழப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2004 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், 24 கோடியே 79 லட்சம் ரூபாய். பெரிய தொகை மாதிரித் தெரியும். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம்கூட வராது. என் பேச்சைக் கேட்டு மாமா போட்ட போருக்குப் பைப்புச் செலவே அதைவிட அதிகம்.

தென்னை போனது. மாடுகளைக் கண்ணபுரம் சந்தையில் விற்றார்கள். காட்டை வாங்க ஆள் வரவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து லைன் வீட்டில் குடியேறினார்கள். அத்தை மகள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். மாமா ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். வேலை நான்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். அதற்காக அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

சாயக்கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று 2006-லும் 2009-லும் கோர்ட்டுகள் சொன்னதை ஊர் முழுசாகக் கேட்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி ஹைகோர்ட் எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. கரண்ட்டைப் பிடுங்கினார்கள். எங்கள் பட்டறை பிறகு திறக்கவே இல்லை. நான் பார்ட்னரும் ஆகவில்லை. அந்த நாட்களில் டீக்கடை முன்னால் நின்று விவசாயிகளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். நம் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று சத்தமாகப் பேசினேன். மாமா வேலை பார்த்த கம்பெனியும் துணி வராமல் நின்றுபோயிருந்தது. அவர் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பேசுவதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது உத்தரவு. சவ்வில் வடிகட்டி நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம். மிச்சத்தைக் காய்ச்சி உப்பெடுக்கிறோம். மறுபடி உபயோகிக்க முடிந்தது போக, ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறோம். ஷெட்டுக்குள் போகும்போது, இது எல்லாம் முன்பு எங்கே போனது என்று கேட்காமல் வெளியே வர முடிவதில்லை. நல்லவனாகிவிட்டதால் இந்த வேலையில் இருக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

மாமா இறந்துவிட்டார். அவரிடம் நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். கடைசி நேரத்தில் அவர் மனசைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னால் அதுவும் பொய். அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பயந்தேன். சாகப் போகிற மனிதர் முன்னாலும் எனக்கு அந்தத் தனி நாற்காலி வேண்டியிருந்தது.

போன வருடம் அத்தை மகளிடம் சொன்னேன். கம்பெனி விட்டு வந்தவள், விரலில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. பூராவையும் கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததிலும் ஒரு சுயநலம் இருந்தது. திட்டு வாங்கினால் கணக்குத் தீரும்.

"அப்ப ஒரே ஒரு சைபருங்களா மச்சான்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்பன் கடைசி வரைக்கும் தன்னோட மண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டு இருந்துச்சு. அம்மாவும் இன்னும் அப்படித்தான் சொல்லிட்டு இருக்குது. சரியான நம்பரை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. எந்தக் கிணறு, எந்த வருசம், யாரு அளந்ததுன்னு. அம்மாகிட்டப் படிச்சுக் காட்டோணும். அந்த ரெண்டு காட்டுக்காரங்க வீட்லயும் காட்டோணும்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாதக்கணக்காகிறது. பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு வேலை வந்துவிடுகிறது. அத்தைக்கு வயதாகிவிட்டது, அவள் முன்னால் போய் நிற்க இன்னும் எனக்குத் தைரியமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதை அவள் கத்தரித்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

தென்னந்தோப்புக் கிணறு. 2003 சித்திரை, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. கரைந்த உப்பு லிட்டருக்கு 5,840 மில்லிகிராம். அளந்தவன் நான்தான்.